வால்வெள்ளிகள் ஏன் திடீரெனக் குமுறுகின்றன?

சென்ற வருடம் எமது கல்லூரியில் நடந்த விஞ்ஞான தினக் கண்காட்சியில் வால்வெள்ளி மேசைக்கு நானும் இரண்டு தோழிகளும் பொறுப்பாக இருந்தோம். நொறுக்கிய ஐஸ்கட்டியோடு மணலையும் இடித்த அடுப்புக்கரியையும் பிசைந்து, தேங்காயளவில் ஒரு கறுப்பு உருண்டை செய்து தட்டில் வைத்திருந்தோம். "இதுதான் வால்வெள்ளியின் கரு. சூரியனுக்குக் கிட்ட வந்ததும் இது சூடாகும். ஐஸ் ஆவியாகும். ஆவி தூசையும் தூக்கிக்கொண்டு போகும். அதுதான் வால்" என்று வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். பின்னால் தொங்கிய பதாகையில் 2007 ஆம் ஆண்டு குமுறிய ஹோம்ஸ் வால்வெள்ளியின் படமும் அதைப் பற்றிய விபரங்களும் இருந்தன. அவற்றை எழுதியவளும் நான்தான். எழுதும்போது யோசிக்கவில்லை.

தரம் 8 இல் படிக்கும் ஒரு தங்கச்சி பதாகையை ஆறுதலாக வாசித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ராத்தா, இது சூரியனுக்கு ஆகக் கிட்ட வந்தது மே மாசம் என்று போட்டிருக்கு. வெடிச்சது ஒக்டோபர் என்று போட்டிருக்கு. அப்ப சூரியனை விட்டுத் தூரப் போகக்குள்ளதானே வெடிச்சிருக்கு? ஏன்?"

எனக்கு விடை தெரியாது. ஆனால் கழுத்தில் பொறுப்பாளர் அட்டை தொங்கியது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஏதாவது ஒரு கல் வந்து மோதியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டி, தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டு போனார்.

அந்த வசனம் இன்னும் அந்தக் கொப்பியில் இருக்கும். இக்கட்டுரை முதலில் அந்தத் தங்கச்சிக்கு. பிறகு, அன்று எங்கள் மேசைக்கு வந்த மற்றவர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருந்த பெற்றோருக்கும்.

முதலில் எங்கள் மாதிரியுருவிலேயே இருந்த ஒரு பிழையைச் சொல்லிவிடுகிறேன். பகல் இடைவேளைக்குள் தட்டு நிறையக் கறுப்புத் தண்ணீர் தேங்கிவிட்டது. உண்மையான வால்வெள்ளியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் தேங்காது. விண்வெளியில் அமுக்கம் இல்லை என்றே சொல்லலாம். நீரின் மும்மைப் புள்ளி 611 பஸ்கால் என்று உயர்தர இரசாயனவியலில் படிக்கிறோம். அமுக்கம் அதற்குக் கீழே இருந்தால் ஐஸ் உருகாமல் நேராக ஆவியாகும். இதைப் பதங்கமாதல் என்கிறோம். அலுமாரிக்குள் வைத்த பூச்சி உருண்டை ஈரமே காட்டாமல் சிறுத்துப் போவதும் இப்படித்தான்.

வால்வெள்ளியின் கரு அழுக்கான பனிக்கட்டி என்ற கருத்தை 1950 இல் முன்வைத்தவர் அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள். நீர் ஐஸ் மட்டுமல்லாமல் காபனோரொட்சைட்டு, காபனீரொட்சைட்டு போன்றவையும் அங்கே உறைந்து கிடக்கின்றன. இவை எல்லாம் ஒரே வெப்பநிலையில் ஆவியாவதில்லை. வெற்றிடத்தில் காபனோரொட்சைட்டுக்கு மறை 248 பாகை செல்சியஸ் அளவே போதும். காபனீரொட்சைட்டுக்கு மறை 193 பாகை அளவு வேண்டும். நீர் ஐஸ் இவற்றைவிட நன்றாகச் சூடாக வேண்டும். சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள 15 கோடி கிலோமீற்றர் தூரத்தை ஒரு வானியல் அலகு என்று வைத்தால், ஏறத்தாழ 3 அலகுகளுக்கு அப்பால் நீர் ஐஸ் பெரும்பாலும் உறங்கிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டும் அதற்கு வெகு தூரத்திலேயே விழித்துவிடும்.

இப்படி ஆவியும் தூசும் தொடர்ந்து வெளியேறுவதை வால்வெள்ளியின் உயிர்ப்பு என்கிறோம். உயிர்ப்புள்ள எரிமலை என்று சொல்வது போல. ஆவியோடு எழும் தூசு திரும்பிக் கீழே விழுவதும் குறைவு. கருவின் ஈர்ப்பு அவ்வளவு பலவீனமானது. நான் பின்னால் சொல்லப்போகும் 67பி என்ற வால்வெள்ளியில் தப்பல் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1 மீற்றர்தான். அங்கே நாங்கள் கொஞ்சம் உற்சாகமாகத் துள்ளினால் திரும்பி வரமாட்டோம்.

உயிர்ப்பு படிப்படியாகக் கூடும், படிப்படியாகக் குறையும். குமுறல் அப்படியல்ல. சில மணித்தியாலங்களில், சிலவேளை சில நிமிடங்களில், வழமையை விடப் பல மடங்கு தூசும் வாயுவும் பீறிட்டு வெளிவரும். பிறகு அடங்கிவிடும். நான் ஒப்புவித்த பாடத்தில் உயிர்ப்புக்கு விளக்கம் இருந்தது. குமுறலுக்கு இருக்கவில்லை. தங்கச்சி கேட்டது குமுறலைப் பற்றி.

ஹோம்ஸ் வால்வெள்ளியின் கதையை முழுவதும் தேடி வாசித்த பின்புதான் அவருடைய கேள்வியின் பெறுமதி எனக்கு விளங்கியது.

1892 நவம்பர் 6 ஆம் திகதி இலண்டனில் எட்வின் ஹோம்ஸ் என்பவர் அந்திரோமீடா விண்மீன் மண்டலத்தைப் பார்ப்பதற்காகத் தொலைகாட்டியைத் திருப்பியபோது, அதற்குப் பக்கத்தில் முன்னர் இல்லாத ஒரு மங்கலான ஒளியைக் கண்டார். அந்த வால்வெள்ளி அப்போது குமுறியிருந்தபடியால்தான் அவருடைய கண்ணில் பட்டது. பிறகு மங்கிப் போய், 1893 ஜனவரியில் இரண்டாவது தடவையும் குமுறியது. அது சுமார் 7 வருடங்களுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றி வருவது. ஆனாலும் 1906 க்குப் பிறகு யாருக்கும் தென்படாமல் தொலைந்துபோய், 1964 இல்தான் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு மங்கலான, யாரும் கணக்கெடுக்காத ஒரு சிறிய பொருள். குறுக்களவு சுமார் 3.4 கிலோமீற்றர்.

2007 மே 4 ஆம் திகதி அது சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தது. கிட்ட என்றாலும் 2 வானியல் அலகுக்கு மேல். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விலகிப் போகத் தொடங்கியது. ஒக்டோபர் 23, 24 ஆம் திகதிகளில், சூரியனிலிருந்து 2.4 அலகு தூரத்தில், இரண்டு நாட்களுக்குள் அதன் பிரகாசம் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்காகப் பெருகியது. பெரிய தொலைகாட்டி இல்லாமல் பார்க்க முடியாதிருந்த ஒன்று, வெறுங்கண்ணுக்கு ஒரு நட்சத்திரம் போலத் தெரிந்தது. நவம்பர் மாதம் அதைச் சூழ்ந்த தூசு மேகம் சூரியனையும் விடப் பெரிதாக விரிந்துவிட்டது. 3.4 கிலோமீற்றர்ப் பொருளிலிருந்து 14 இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டும் மேகம்! (அது பெரும்பாலும் வெறுமைதான். மெல்லிய புகை போன்றது. என்றாலும் அளவு அளவுதான்.)

அப்போது நான் பிறக்கவில்லை. வாப்பாவிடம் கேட்டேன். பத்திரிகையில் வாசித்த ஞாபகமும் இல்லை என்றார்.

நேர்மாறு வர்க்க விதியைப் போட்டுப் பார்த்தால், 2.4 அலகு தூரத்தில் ஒரு சதுர மீற்றருக்குக் கிடைக்கும் சூரிய சக்தி ஏறத்தாழ 230 வாற்று. பூமிக்கு மேலே அது 1360 வாற்று. அதாவது ஆறில் ஒரு பங்கு. அதுவும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகும் வேளை. சூரியன் அந்த நிமிடத்தில் கொடுத்த சூடு இந்தக் குமுறலைச் செய்யவில்லை என்பது தெளிவு. சக்தி வேறு எங்கோ சேர்ந்து கிடந்திருக்க வேண்டும்.

நான் சொன்ன கல் இங்கே உதவாதா? உதவும் என்று நினைத்தவர்கள் இருக்கிறார்கள். 1892 ஆம் ஆண்டுக் குமுறல்களுக்குக் காரணம், கருவைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு சிறிய துணைப் பொருள் முதலில் உரசி, பிறகு மோதியது என்று அதே விப்பிள் பிற்காலத்தில் எழுதினார். மோதினால் பிரகாசம் கூடும் என்பதும் உண்மை. 2005 ஜூலை 4 ஆம் திகதி நாசா நிறுவனம் 370 கிலோகிராம் எடையுள்ள ஒரு கலத்தை டெம்பல் 1 என்ற வால்வெள்ளியில் செக்கனுக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் வேண்டுமென்றே மோதவிட்டது. மாவு போன்ற தூசு எழுந்தது, பிரகாசம் கூடியது, சில நாட்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். அந்த வால்வெள்ளியோ, மோதுவதற்கு முந்திய வாரங்களிலேயே தானாகச் சின்னச் சின்னதாகப் பல தடவை குமுறியிருந்தது.

விண்வெளி வெறுமையானது. 3.4 கிலோமீற்றர்ப் பொருளொன்றில் 1892 நவம்பரில் ஒரு கல், பத்து வாரங்களில் இன்னொரு கல், 2007 இல் மூன்றாவது கல் என்று வந்து விழும் என்பதை நம்புவது கடினம். அதற்கு மேலாக, நான் கவனிக்கத் தவறிய ஒரு விடயமும் இருக்கிறது. 1892 இல் அது சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தது ஜூன் மாதம். குமுறியது நவம்பர். 2007 இல் மே, ஒக்டோபர். இரண்டு தடவையும் ஏறத்தாழ ஐந்து மாதப் பிந்தல். கற்கள் நாட்காட்டி பார்த்து வருவதில்லை.

கல்லைக் கைவிடுவதற்கு இன்னும் பலமான சாட்சி 29பி என்ற வால்வெள்ளி. 1927 இல் ஷ்வாஸ்மான், வாஹ்மான் என்ற இரண்டு ஜேர்மன் வானியலாளர்கள் கண்டுபிடித்தது. மற்ற வால்வெள்ளிகளைப் போல இது நீண்ட ஒழுக்கில் வந்து போவதில்லை. வியாழனுக்குச் சற்று அப்பால், சூரியனிலிருந்து 6 அலகு தூரத்தில், கிட்டத்தட்ட வட்டமாகவே சுற்றுகிறது. கிட்ட வருவதும் இல்லை, தூரப் போவதும் இல்லை. அங்கே கிடைப்பது ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 38 வாற்று. நீர் ஐஸ் அசையவே அசையாது. அப்படியிருந்தும் அது வருடத்துக்குச் சராசரியாக ஏழு தடவை குமுறுகிறது. வருடத்துக்கு ஏழு தடவை, நூறு வருடமாக, ஒரே பொருளைக் கல் தேடி வந்து அடிக்குமா? தங்கச்சி, அந்த வசனத்தைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.

அப்படியானால் என்ன எழுதுவது? ஐந்து மாதப் பிந்தலிலிருந்து தொடங்குவோம்.

எங்கள் வீடு கொங்கிரீட் தட்டு வீடு. பகல் பன்னிரண்டு மணிக்குத் தட்டுக்கு மேலே கால் வைக்க முடியாது. ஆனால் கீழே அறை அவ்வளவு சூடாக இருக்காது. இரவு எட்டு மணிக்கு, வெளியே கடற்காற்று வீசும்போது, அறைக்குள் நிற்க முடியாது. பகல் முழுவதும் தட்டு குடித்த சூடு அப்போதுதான் கீழே இறங்கி வருகிறது. வெளியில் சூரியனே இல்லை, உள்ளே வெக்கை. உம்மா விசிறியை எங்கள் அறைக்குக் கொண்டுவரும் நேரம் அது.

வால்வெள்ளியின் மேற்பரப்பும் இப்படித்தான், ஆனால் இதைவிட மிகவும் மந்தமாக. ஐஸ் போன பின் மிஞ்சும் தூசு மேலே ஒரு போர்வையாகப் படிந்துவிடுகிறது. 1986 இல் ஜியோற்றோ விண்கலம் ஹேலி வால்வெள்ளிக்கு 600 கிலோமீற்றர் கிட்டச் சென்று படம் பிடித்தபோது, வெண்பனியை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது கரியைவிடக் கறுப்பான ஒரு பொருள். படும் ஒளியில் 4 சதவீதத்தைத்தான் தெறிக்கவிட்டது. மேற்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கிலிருந்து மட்டுமே ஆவி எழுந்தது. மீதியெல்லாம் மூடிக் கிடந்தது. (அந்த வகையில் எங்கள் அடுப்புக்கரி சரியான தெரிவுதான்.) துளைகள் நிறைந்த தூசின் வெப்பக் கடத்தாறு மிகக் குறைவு. ஒரு பகலின் சூடு சில சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். ஒரு பருவம் முழுவதன் சூடு ஒரு மீற்றர் அளவுக்கு இறங்க மாதக்கணக்கில் ஆகும். மே மாதத்துச் சூடு ஒக்டோபரில் போய்ச் சேரும் இடத்தில், அதுவரை தொடப்படாத ஏதோ ஒன்று இருந்தால்?

அந்த ஏதோ ஒன்று என்னவாக இருக்கலாம் என்பதற்கு இரண்டு விடைகள் சொல்லப்படுகின்றன. ஒன்று எல்லோருக்கும் விளங்கக்கூடியது. பலாக்கொட்டை சுடும்போது உம்மம்மா ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டுத்தான் தணலுக்குள் போடுவார். கீறாமல் போட்டால், உள்ளே நீராவி சேர்ந்து, தோல் தாங்கும்வரை தாங்கி, படாரென்று வெடித்துச் சாம்பலை முகத்தில் அடிக்கும். தூசுப் போர்வைக்கு அடியில் காபனோரொட்சைட்டோ காபனீரொட்சைட்டோ ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் ஒரு பையில் அடைபட்டால் அதே கதைதான். மேலுள்ள படை மிகவும் உறுதியாக இருக்க வேண்டியதும் இல்லை. வால்வெள்ளிகள் அவ்வளவு பலமில்லாதவை. 1992 இல் ஷூமேக்கர்-லெவி 9 என்ற வால்வெள்ளி வியாழனுக்குக் கிட்டப் போனபோது, வியாழனின் ஈர்ப்பு ஒரு பக்கத்தை மற்றப் பக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இழுத்ததாலேயே துண்டு துண்டாகிவிட்டது.

இரண்டாவது விடை, நான் இதுவரை எந்தப் பாடப் புத்தகத்திலும் படிக்காதது. ஐஸ் என்றால் பளிங்கு என்றுதான் படித்திருக்கிறோம். மூலக்கூறுகள் ஒழுங்காக அறுகோணமாக அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் மிகமிகக் குளிரான இடத்தில் நீராவி படியும்போது, மூலக்கூறுகளுக்கு நகர்ந்து ஒழுங்காக நிற்கும் சக்தி இருக்காது. விழுந்த இடத்திலேயே உறைந்துவிடும். இது பளிங்கு வடிவமற்ற ஐஸ். திடீர் மழைக்குப் பிரதான மண்டபத்துக்குள் ஓடிவந்த பிள்ளைகள் கண்ட கண்ட பாட்டில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். அந்த நெரிசலில் வெளியார் சிலரும் இடையில் அகப்பட்டிருப்பார்கள். அவர்கள்தான் காபனோரொட்சைட்டு போன்ற வாயுக்கள். மறை 136 பாகை அளவுக்குச் சூடேறியதும் பிள்ளைகள் வரிசையில் நிற்கத் தொடங்குவார்கள். ஐஸ் பளிங்காகிறது. வரிசை வந்ததும் இடையில் நின்ற வெளியாருக்கு இடமில்லை. வெளியேற வேண்டியதுதான்.

இதில் முக்கியமான விடயம், இந்த மாற்றம் வெப்பத்தை வெளிவிடுகிறது என்பது. தூய ஐஸில் ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 90 கிலோயூல். அந்த வெப்பம் பக்கத்துப் படையைச் சூடாக்கும், அது மாறும், அடுத்ததைச் சூடாக்கும். தீக்குச்சிப் பெட்டியில் தீ பிடிப்பது போல. சூரியன் செய்தது முதல் குச்சியைப் பற்றவைத்தது மட்டும். அதே அளவு ஐஸ் ஆவியாவதற்கு 2800 கிலோயூல் தேவை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆகவே இந்த வெப்பத்தால் ஐஸ் எல்லாம் ஆவியாகிவிடாது. வெளியேறும் வாயுதான் தூசைத் தள்ளுகிறது. அகப்பட்ட வாயு வெளியேறுவதற்கும் கொஞ்சம் சக்தி செலவாவதால், இந்தத் தொடர் எவ்வளவு ஆழம் போகும் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஒரு முறை பளிங்கானது மீண்டும் பழையபடி ஆகாது. எரிந்த குச்சி எரிந்ததுதான்.

ஹோம்ஸுக்கும் 29பி க்கும் இந்த விடைகள் பொருந்துகின்றன. ஆனால் அவற்றின் கருவை எவரும் கிட்ட நின்று பார்க்கவில்லை. கிட்ட நின்று பார்த்தது வேறொரு வால்வெள்ளியை.

1969 இல் அல்மா-அட்டாவில் சுவெற்லானா ஜெராசிமென்கோ என்ற பெண் எடுத்த ஒளிப்படத் தகட்டில், அவரது சக ஆய்வாளரான கிளிம் சுரியூமோவ் கண்டுபிடித்தது 67பி வால்வெள்ளி. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரொசெற்றா விண்கலம் 2014 ஒகஸ்ட் 6 ஆம் திகதி அதை அடைந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் கூடவே பயணம் செய்தது. கரு இரண்டு உருண்டைகள் ஒட்டிய வாத்து போல இருந்தது. அடர்த்தி நீரின் பாதியளவு. முக்கால்வாசி வெறும் துளை.

2015 ஒகஸ்ட் 13 இல் அது சூரியனுக்கு மிகக் கிட்ட வந்தது. அதையொட்டிய மூன்று மாதங்களில் மட்டும் 34 குமுறல்களை ரொசெற்றாவின் கமராக்கள் பிடித்தன. ஏறத்தாழ 30 மணித்தியாலத்துக்கு ஒன்று. அவை நடந்த உள்ளூர் நேரத்தைப் பார்த்தபோது பல அங்கே விடியும் நேரத்திலும், வேறு பல நண்பகல் கழிந்தும் நடந்திருந்தன. விடியலில் நடப்பவை, இரவெல்லாம் உறைந்த பாறையில் திடீரென வெயில் படுவதால் வருபவை என்று கருதுகிறார்கள். குளிர்ந்த கண்ணாடித் தம்ளரில் கொதிநீர் ஊற்றினால் வெடிப்பது போன்ற வெப்பத் தகைப்பு. பகல் கழிந்து நடப்பவை, அன்றைய சூடு கொஞ்சம் உள்ளே இறங்கிய பின் வருபவை. எங்கள் அறை இரவு எட்டு மணிக்குச் சூடாவது போல.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வாயுவைப் பற்றியது அல்ல. மண்சரிவைப் பற்றியது.

67பி இல் இடங்களுக்கெல்லாம் எகிப்துப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றில் அஸ்வான் என்பது 134 மீற்றர் உயரமான ஒரு செங்குத்துப் பாறை முகம். (புவியியலில் அஸ்வான் அணை பற்றிப் படித்தவர்களுக்கு இந்தப் பெயரை மறக்காது.) 2014 செப்டெம்பரில் எடுத்த படங்களில் அதன் உச்சியில் 70 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமுமான ஒரு வெடிப்புத் தெரிந்தது. 2015 ஜூலை 10 ஆம் திகதி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குமுறல் எழுந்தது. ஐந்து நாள் கழித்து எடுத்த படத்தில் பாறையின் ஓரத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் சுற்றியுள்ள கறுப்பு நிலத்தைவிட ஆறு மடங்குக்கு மேல் பிரகாசமான புதிய ஐஸ் தெரிந்தது. விழுந்தது ஏறத்தாழ 22,000 கன மீற்றர். வால்வெள்ளியின் உள்ளே எப்படி இருக்கும் என்று அறுத்துக் காட்டியது போல.

மலையகத்தில் மண்சரிவு வரும் காலங்களில், முதலில் வெடிப்பு விழும், பிறகு ஒரு நாள் சரியும் என்று செய்திகளில் கேட்டிருக்கிறோம். அங்கே மழை செய்வதை இங்கே வெயிலும் குளிரும் மாறி மாறிச் செய்கின்றன. ஆனால் பூமியில் தூசு அங்கேயே அடங்கிவிடும். ஈர்ப்பு மிகவும் பலவீனமான ஓர் இடத்தில் சரியும் தூசு விண்வெளிக்குக் கிளம்பிவிடும். வெளியே திறந்த ஐஸும் உடனே ஆவியாகி அதைத் தள்ளும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வெடிப்பு. வெடித்தது எதுவுமே இல்லை.

இதை வாசித்தவுடன், எல்லாக் குமுறல்களுக்கும் காரணம் பாறை சரிவதுதான் என்று நினைத்துவிட்டேன். கல்லை விட்டுப் பாறையைப் பிடித்த கதை. 2016 ஜூலை 3 ஆம் திகதி நடந்த குமுறல் அதையும் விடவில்லை. அப்போது 67பி சூரியனை விட்டுப் பிரிந்து பத்து மாதங்களுக்கு மேலாகியிருந்தது, தூரம் 3 அலகுகளுக்கு அப்பால். ரொசெற்றா தூசின் பாதையிலேயே நின்றபடியால் பல கருவிகள் ஒன்றாக அதை அளந்தன. வெளியேறிய தூசின் அளவைக் கணக்கிட்டபோது, மேலே திறந்த ஐஸ் வெயிலில் ஆவியாவது மட்டும் அவ்வளவு தூசைத் தள்ளப் போதாது என்று தெரிந்தது. நிலத்துக்கு அடியில் சேமித்திருந்த சக்தி ஒன்று தேவை. அடைபட்ட வாயுவோ, பளிங்காகும் ஐஸோ. அதாவது பலாக்கொட்டை, அல்லது தீக்குச்சிப் பெட்டி.

ஆகவே ஒரே வால்வெள்ளியில், ஒரே விண்கலத்தின் கண்ணெதிரே, ஒரு குமுறலுக்குப் பாறை சரிந்தது காரணம், இன்னொன்றுக்கு அடியில் இருந்த வாயு காரணம். இவையும் ஹோம்ஸின் குமுறலோடு ஒப்பிட்டால் பெருமூச்சு அளவுதான். சிறியதை நேரில் பார்த்துவிட்டோம் என்பதற்காகப் பெரியதும் அப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது.

அண்மையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 71 வருடங்களுக்கு ஒரு முறை வரும் பொன்ஸ்-புரூக்ஸ் வால்வெள்ளி 2023 ஜூலை 20 அளவில், சூரியனிலிருந்து ஏறத்தாழ 4 அலகு தூரத்திலேயே குமுறி, நூறு மடங்கு பிரகாசமானது. தூசு மேகத்தின் நடுவில் ஒரு நிழல் போல விழுந்ததால் இரண்டு கொம்பு முளைத்த தோற்றம். செய்திகளில் அதற்குப் பிசாசு வால்வெள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் உம்மம்மாவுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் சிறு வயதில் வால்வெள்ளி கண்டால் ஊருக்கு ஆகாது என்று சொல்வார்களாம். "இப்ப இது நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்று கேட்டார். "இது ரெண்டுக்கும் இல்ல உம்மம்மா, நீங்க கொட்டையில கீறல் போட மறந்த மாதிரி" என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப உள்ளுக்க நிறையத் தண்ணி இருந்திருக்கும்" என்றார். நான் பாடம் பாடமாக வாசித்து விளங்கிக்கொண்டதை அவர் தணல் பக்கத்தில் இருந்தே விளங்கியிருக்கிறார்.

இப்போது தங்கச்சியின் கொப்பிக்கு வருகிறேன். வெட்டிய வசனத்துக்குப் பதிலாக இப்படி எழுதலாம்: சூரியனின் சூடு தூசுப் போர்வை வழியாக மாதக்கணக்கில் உள்ளே இறங்கி, அடியிலிருந்த வாயுவையோ பளிங்கு வடிவமற்ற ஐஸையோ எழுப்பியிருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் ஹோம்ஸ் பற்றி இது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. "கருதுகிறார்கள்", "இன்னும்" என்ற இரண்டு சொற்களையும் விடாமல் எழுதுங்கள். அன்று நான் விட்டுவிட்டது அவற்றைத்தான்.

அந்த வால்வெள்ளி 2014 இலும் 2021 இலும் சூரியனைச் சுற்றிப் போனது. 2007 இல் நடந்தது போன்ற குமுறல் நடக்கவில்லை. எரிய வேண்டிய குச்சிகள் எரிந்து முடிந்தனவா, புதிய படை ஒன்று இன்னும் வெளிப்படவில்லையா என்பது பேசப்படும் விடயம். 2028 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் சூரியனுக்குக் கிட்ட வரும். ஐந்து மாதங்களைக் கூட்டினால் ஜூன், ஜூலை. நான் அப்போது இந்தக் கல்லூரியில் இருக்கமாட்டேன். தங்கச்சி உயர்தர வகுப்பில் இருப்பார், கண்காட்சி மேசையில் ஒருவேளை அவருடைய கழுத்தில் அந்த அட்டை தொங்கும். அந்த இரண்டு மாதமும் செய்திகளைக் கவனித்து, ஏதும் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பும்படி இப்போதே கேட்டு வைக்கிறேன்.